பாலத்தைக் கடக்கும் வரை பேசிய பேச்சு

மகனே, நீ வண்டி ஓட்டாத வேளையில், வயிறாரச் சாப்பிட்டு, போதுமான அளவு உறங்கி எழுந்த பிறகு படிக்க வேண்டிய கடிதம் இது. அத்தகைய வேளை உனக்கு எப்போது வாய்க்கும் என்பதை நான் அறியேன். ஆகவே இதை உன் கைப்பேசிக்கு அனுப்பாமல், ஊரார் படிக்கும் ஏட்டில் வெளியிடக் கொடுத்திருக்கிறேன். நீ படிக்கத் தவறினாலும், உன்னோடு வேலை செய்யும் யாரோ ஒருவரின் தாய் இதைப் படித்துத் தன் பிள்ளையிடம் சொல்லக்கூடும். அந்தப் பிள்ளை உணவு வேளையில் உன்னிடம் சொல்லக்கூடும். உன் பெயரை நான் எழுதவில்லை. உன் தொழிற்சாலையின் பெயரையும் எழுதவில்லை. மறைப்பதற்காக அன்று. நம் அடுக்குமாடியில் உள்ள எந்தப் பிள்ளையின் பெயரை இங்கே எழுதினாலும், இந்தக் கடிதத்தில் அதிகம் திருத்த வேண்டியிருக்காது.

கடந்த ஓராண்டுக்கும் மேலாக, நீ இரவு வேலை முடித்து வீடு திரும்பும் காலைகளில் எல்லாம் நான் உன்னைத் தொலைபேசியில் அழைத்துப் பேசி வருகிறேன். நீ தீவின் பாயான் லெப்பாசில் உள்ள தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு, பத்து மாவுங் என்னும் இடத்தில் இரண்டாம் பாலத்தில் ஏறி, கடலைக் கடந்து, அக்கரையில் பத்து காவானில் இறங்கும் வரை அந்தப் பேச்சு நிற்கக் கூடாது என்பது நமக்குள் இருக்கும் ஏற்பாடு. நீ வண்டியின் ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்டுக்கொண்டு ஓட்டுவாய். நான் இக்கரையில், டத்தோ கிராமாட்டில், நம் வீட்டுச் சமையலறையில், அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசுவேன். நீ உறங்கிவிடாமல் இருக்க வேண்டும். அது ஒன்றே அந்தப் பேச்சின் நோக்கம்.

அது தொடங்கிய விதம் உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, ஏனெனில் அன்று நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அக்கரையில் வீட்டுச் சாவி கிடைத்து நீ தனியே குடிபோன புதிது. ஓய்வு நாளில் எங்களைப் பார்க்க வந்திருந்தாய். உன் அப்பா காவல் வேலை முடிந்து, இன்னும் சீருடையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஓய்வு என்னும் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் பன்னிரண்டு மணி நேரம் ஜாகாவாக ஒரு கட்டடத்தின் வாசலில் அமர்ந்து வருகிறவர். நான் இருவருக்கும் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நேத்து ஒரு கூத்து தெரியுமா? பாலத்துல கண்ண மூடிட்டேன் போல. பின்னால வந்த லோரிக்காரன் ஒரு ஹார்ன் அடிச்சான் பாருங்க, கடல்ல இருக்கற மீனெல்லாம் முழிச்சிருக்கும்" என்றாய்.

"இதெல்லாம் ஒரு கதையாடா? நான் பஸ்ஸ ஓட்டிக்கிட்டே தூங்கியிருக்கேன். பின்னால உக்காந்திருந்த சீனப் பாட்டி குடையால முதுகுல குத்தி எழுப்பினா. பேசாம எழுப்பலாம்ல, திட்டிக்கிட்டே குத்துது" என்றார் உன் அப்பா.

நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். எவ்வளவு ஆபத்தில் தப்பினோம் என்பதில் தந்தைக்கும் மகனுக்கும் போட்டி நடந்தது. "இதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நான் கேட்டேன். "பா, செய்தி ஆரம்பிச்சிடுச்சு, சத்தத்தக் கொறைங்க லா" என்றாய் நீ. வானொலியில் செய்தி வாசிப்பவர்போல் நான் பேசுகிறேன் என்பது உங்கள் இருவரின் நெடுநாளைய கேலி. ஆறாம் ஆண்டுடன் பள்ளியை விட்டவள், நாளேட்டையும் அகராதியையும் வைத்துக்கொண்டு தானாகக் கற்ற தமிழ் இது. கேலிக்காக அதைக் கைவிடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் அன்று என் சொற்களை நீங்கள் கேட்கவில்லை என்பதைவிட, கேட்டாலும் உங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பதே என்னை உறுத்தியது. மறுநாள் காலையிலிருந்து உன்னை அழைக்கத் தொடங்கினேன்.

முதல் சில நாள்கள் நான் ஒரு தாய் பேச வேண்டியபடி பேசினேன். என்ன சாப்பிட்டாய், கால் வலி எப்படியிருக்கிறது, நிபோங் திபாலில் உன் சித்திக்கு உடம்பு தேவலை என்று மென்மையாகப் பேசினேன். நீ "ம்" என்றாய். சற்றுப் பொறுத்து "ம்ம்" என்றாய். அடுத்த "ம்" வருவதற்கு நீண்ட நேரம் ஆயிற்று. என் குரலே உன்னைத் தாலாட்டுகிறது என்று உணர்ந்தேன். என்ன செய்வதென்று புரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்: "உன் தலைமுடி உச்சியில் கொட்டிவிட்டதே, பெண் வீட்டார் இதைக் கவனித்தால் என்ன நினைப்பார்கள்?"

"யாரு சொன்னா? எங்க கொட்டிருக்கு? வேலையில நாள் பூரா தொப்பி போடுறவனுக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும். நீங்க சரியாவே பாக்கல" என்று நீ சீறினாய். அக்கரை சேரும் வரை உன் தலைமுடியைப் பற்றி வாதாடினாய். வண்டியை நிறுத்தியபின்னும் கோபம் தணியவில்லை உனக்கு. எனக்கோ உயிர் வந்தது.

அன்றிலிருந்து சண்டை என் கடமையாயிற்று. நீ வாங்கி ஓட்டும் காடியின் நிறம் சவப்பெட்டி போலிருக்கிறது என்றேன். உனக்குப் பிடித்த கால்பந்துக் குழுவின் கோல் காவலருக்குக் கையே இல்லையோ என்று கேட்டேன். நீ பத்து வயதில் உடைத்த கண்ணாடிக் கோப்பையைக் கிளறினேன். உன் அப்பா உன்னைவிட நன்றாக வண்டி ஓட்டுவார் என்றேன். அதுதான் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது. மறுநாளைக்கு எதைக் கிளறுவது என்று முந்திய மாலையே யோசித்து வைப்பேன். பாசாரில் மீன் வாங்கும்போதும் அதே யோசனை. மீன்காரர் விலையைச் சொல்லி அலுத்துப்போய், "அக்கா, சண்டை போடணும்னா என்கிட்டயே போடுங்க, ஏன் மொணமொணங்கறீங்க" என்று ஒரு நாள் கேட்டேவிட்டார்.

மகனே, அந்த ஓராண்டில் நான் உன்னை நோக்கிச் சொன்ன கடுஞ்சொற்களில் ஒன்றுகூட என் உள்ளத்தில் இருந்ததன்று. அன்பாகப் பேசினால் நீ உறங்கிவிடுவாய். ஆகவே அன்பாகப் பேச எனக்கு வாய்ப்பில்லை. நீ விழித்திருக்கும் நேரங்களில் வேலையில் இருக்கிறாய்; வீட்டில் இருக்கும் நேரங்களில் உறங்குகிறாய்; நடுவில் எனக்குக் கிடைத்தது ஒரு பாலம் மட்டுமே. அந்தப் பாலத்தில் உன்னை ஏசித் தீர்த்தேன். உன் தலைமுடி நன்றாகவே இருக்கிறது. காடியின் நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது. இவற்றைச் சொல்வதற்காகவே இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

உனக்குப் பெண் பார்க்கச் சென்ற நாளில் நான் பேசியதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மாலதியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவளுடைய தாயிடம் மிகுந்த பெருமிதத்துடன் இவ்வாறு கூறினேன்: "என் மகனுக்கு வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஞாயிறு என்று பார்க்க மாட்டான், பெருநாள் என்று பார்க்க மாட்டான்." மாலதியின் தாய் முகம் மலர்ந்து, "அது போதுங்க அக்கா. குடி இல்ல, கேங்கு இல்ல. வேலைக்குப் போறான், வர்றான், தூங்குறான். இந்தக் காலத்துல வேற என்ன வேணும்?" என்றார். நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். தேநீர்த் தட்டுடன் நின்ற மாலதி மட்டும், "போறாரு சரி, எப்ப வருவாரு?" என்று கேட்டாள். மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறவள், கணக்காகக் கேட்டாள். நாங்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தோம்.

அந்தப் பெருமிதம் எங்கிருந்து வந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் வயதுப் பிள்ளைகள் வளர்ந்த காலத்தில், மாலையானால் மாடிப்படிக்குக் கீழே கூட்டமாக நிற்பார்கள். யார் கையில் என்ன இருக்கிறது என்று தாய்மார்களாகிய நாங்கள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்போம். நம் தளத்திலிருந்தே ஒருவன் சிறைக்குப் போனான்; ஒருவன் திரும்பவே இல்லை. நீ தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய முதல் நாள், நான் பூசை அறையில் விழுந்து கும்பிட்டேன். உனக்கு ஓ.டி. கிடைத்தது என்று கேட்கும்போதெல்லாம், இன்னும் நான்கு மணி நேரம் என் பிள்ளை பத்திரமான இடத்தில் இருக்கிறான் என்றே என் மனம் கணக்குப் போட்டது. நானும் அந்த வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில்தான் உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியினும் மெல்லிய கம்பிகளை ஒட்டிக்கொண்டிருந்தேன். "இன்று யார் கூடுதல் நேரம் நிற்பது?" என்று கேட்டால் உயரும் கைகளில் என் கையும் இருக்கும். பைராம் தோட்டத்து வெயிலிலிருந்து வந்தவளுக்குக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை, எவ்வளவு நேரமாயினும் வேலையாகவே தோன்றவில்லை. வேலையிடம்தான் பாதுகாப்பான இடம் என்று நான் உனக்குச் சொல்லாமலே சொல்லிக்கொடுத்துவிட்டேன். வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம் வரும் என்று எனக்கு அன்று தெரியாது.

திருமணத்துக்கு நாள் குறித்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பும் வருகிறது, மனமும் கனக்கிறது. மேசையின் மேல் பஞ்சாங்கம் ஒருபுறம், உன் வேலை அட்டவணை ஒருபுறம், மாலதியின் அட்டவணை ஒருபுறம். ஐயர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல முகூர்த்தம் இருக்கு, மாப்ள இல்ல. மாப்ள இருக்காரு, பொண்ணுக்கு நைட் டூட்டி. ரெண்டு பேரும் இருக்கற நாள்ல ராகு காலமும் எமகண்டமும்தான் இருக்கு. கம்பெனிக்காரன்கிட்ட ஜாதகம் எழுதி வாங்கிட்டு வாங்கம்மா" என்றார். கடைசியில் மூன்றும் ஒத்துப்போன ஒரு ஞாயிறு கிடைத்தது. முதல் நாள் நலங்கு என்றோம். நீ பகல் வேலை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னாய்.

நம் வழக்கப்படி, உள்ளூர்க்காரரை வீடு தேடிச் சென்று, வெற்றிலைத் தட்டை நீட்டி, குங்குமம் கொடுத்து, வாயால் அழைக்க வேண்டும். வாசலில் அழைப்பிதழைப் போட்டுவிட்டு வருவது அவமதிப்பு. ஆகவே தட்டை ஏந்திக்கொண்டு நம் அடுக்குமாடியின் ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கினேன். காலையில் போனால் பூட்டு. மாலையில் போனால் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை போனால், வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை. உள்ளே உறங்குகிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது. நாசி கண்டார் சோற்றுக் கடையில் சமைக்கும் காசிம் அண்ணன் மட்டும் ஒரு மதியம் படிக்கட்டில் எதிர்ப்பட்டார். "மன்னிச்சுக்கோங்க தங்கச்சி, நின்னு பேச முடியல. ரெண்டு மணி நேரம் படுத்துட்டு மறுபடி கடைக்கு ஓடணும். கல்யாணத்துக்கு வரப் பாக்குறேன், பிரியாணிக்கு ஆள் வேணும்னா அதுவும் பாக்குறேன்" என்று நடந்துகொண்டே பேசினார். எதிர்வீட்டுத் தேவி, பேரங்காடியில் காவல் வேலை பார்ப்பவள், கதவைத் திறந்தாள். குங்குமத்தை எடுக்கக் கையை நீட்டியவள் அப்படியே கதவு நிலையில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டாள். நானே அவள் நெற்றியில் இட்டுவிட்டு வந்தேன்.

அதுவரை உன் களைப்பை நான் நம் வீட்டின் துன்பமாகவே எண்ணியிருந்தேன். என் மகனுக்கு வாய்த்த வேலை அப்படி, என் மகனுக்கு மறுக்கத் தெரியாத குணம் அப்படி என்று நினைத்திருந்தேன். அந்தப் பூட்டிய கதவுகளின் முன் நின்றபோதுதான், எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் வேலையில் இருக்கிறார், அல்லது வேலைக்காக உறங்குகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. கடைசியில் அழைப்பிதழ்களைக் கதவுக் கம்பிகளில் செருகிவிட்டு வந்தேன். யாரும் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் ஒருவருக்கும் நேரமில்லை.

முகூர்த்தத்தன்று நீ மணமேடையில் உறங்கியதை நம் உறவினர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நலங்கு நாளன்று நீ சொன்ன நேரத்துக்கு வரவில்லை; இயந்திரம் ஒன்று நின்றுவிட்டதாம். மஞ்சள் பூசக் காத்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனபின் வந்து சேர்ந்தாய். விடிந்ததும் மேடையில் உட்கார்ந்தாய். ஓமப் புகையும் மந்திரமும் சேர்ந்து உன்னைச் சாய்த்துவிட்டன. தலை மெல்ல மெல்ல முன்னால் வந்தது. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, "மாப்ள தம்பி, தாலி கட்டுற வரைக்குமாவது முழிச்சிருங்க. அதுக்கப்புறம் அவங்க பாத்துப்பாங்க" என்றார். மண்டபமே சிரித்தது. மாலதி சிரிக்காமல் உன் தொடையில் கிள்ளினாள். அப்போதும் உன் கண் முழுதாகத் திறக்கவில்லை.

எனக்கு அந்த மேடை மறைந்து பாலம் தெரிந்தது. பழக்கத்தால் என் வாய் தானாகத் திறந்தது. "டேய், வேட்டி கட்டக்கூடத் தெரியாதா உனக்கு? உங்கப்பன் கல்யாணத்துல எவ்வளவு கம்பீரமா உக்காந்திருந்தாரு தெரியுமா?" என்று என் செய்தித் தமிழையும் மறந்து சபை நடுவே சத்தமாக ஏசிவிட்டேன். நீ விருட்டென்று நிமிர்ந்து, "வேட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாய். மணமகனின் தாய்க்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சில பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாலி ஏறும் வரை நீ விழித்திருந்தாய். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

திருமணம் முடிந்த மூன்றாம் நாள் நீ வேலைக்குத் திரும்பினாய். நான் உனக்குச் சொல்லாமல் தொழிலாளர் அலுவலகத்துக்குச் சென்றேன். மலாய் மொழியில் மிகவும் முறையாக ஒரு விண்ணப்பத்தை எழுதி, இரு முறை படியெடுத்து எடுத்துச்சென்றேன். முகப்பில் இருந்த அதிகாரி இளம்பெண், பொறுமையாகப் படித்தார். "அழகாக எழுதியிருக்கிறீர்கள், மக்சிக்" என்று, அத்தை என்பதுபோல் மலாயில் அழைத்துச் சொன்னார். வாரத்துக்கு இவ்வளவு மணி நேரம் என்று சட்டத்தில் வரம்பு இருக்கிறது, கூடுதல் நேரத்துக்கும் வரம்பு இருக்கிறது என்று விளக்கினார். அந்த வரம்பு மீறப்பட்டிருந்தால், வேலை செய்பவர் நேரில் வந்து புகார் தர வேண்டும்; தாய் தந்தால் ஏற்க இயலாது என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் கணவரும் உங்கள் மகனைப் போலத்தான், மக்சிக். என்னாலேயே அவரை இங்கே கூட்டிவர முடியவில்லை" என்றார். நான் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவருக்கு நான் நன்றி சொன்னேன். அவரும் எனக்கு நன்றி சொன்னார்.

அன்று மாலை உன்னிடம் சொன்னேன். நீ கோபிப்பாய் என்று எதிர்பார்த்தேன், நீ கோபிக்கவில்லை.

"அம்மா, யாரும் என்னக் கட்டிப்போட்டு வேல வாங்கலம்மா. ஓ.டி.க்குப் பேர் கொடுக்கறியான்னு கேப்பாங்க. நான் கொடுக்கலன்னா என்கூட வேல செய்யற அஸ்மி நிக்கணும். அவன் ஏற்கெனவே பன்னெண்டு மணி நேரம் நின்னிருப்பான், மேல நாலு மணி நேரம். அவனுக்குக் கைக்குழந்த இருக்கு. போன வாரம் எனக்காக நின்னான். எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது?"

"அஸ்மியும் மறுத்தால்?"

"அப்ப குமார் நிப்பான்."

"குமாரும் மறுத்தால்?"

"அம்மா, எல்லாரும் சேர்ந்து முடியாதுன்னு சொல்றதுக்கு, எல்லாரும் சேர்ந்து உக்காந்து பேச ஒரு நாள் வேணும்லா. அந்த நாள்ல யாருக்காவது ஷிப்ட் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாய்.

எவ்வளவோ சொற்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று இறுமாந்திருந்தவள், எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பாலத்தில் ஏறும் முன் எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி அரை மணி நேரம் உறங்கிவிட்டுப் போ என்றேன். "நிறுத்தினா எழுந்திரிக்க மாட்டேன்மா, செக்யூரிட்டி வந்து கண்ணாடியத் தட்டுவான்" என்றாய். எம்.சி. வாங்கி மருத்துவ விடுப்பு எடு என்றேன். எதற்கு என்று மருத்துவர் கேட்பார், தூக்கம் வருகிறது என்றா சொல்வது என்றாய். அக்கரை வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்து இரு என்றேன். இரண்டு அறையில் நாலு பேர், அதில் மூன்று பேர் வெவ்வேறு நேரத்தில் தூங்க வேண்டும், மாலதி எங்கே துணி மாற்றுவாள் என்று கேட்டாய். நீ சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது.

மாலதி இரவு வேலைக்குப் போகாத காலைகளில், உன்னை அழைக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தேன். புதுப்பெண், அவளுக்கும் உன்னோடு பேச ஆசை இருக்கும். இரண்டாம் நாளே என்னை அழைத்து அழுதுகொண்டே பேசினாள். "அத்தை, நான் பேசிக்கிட்டே இருக்கேன், திடீர்னு சத்தமே இல்ல. ரோட்டு ஓரத்துல இருக்கற கோட்டுல டயர் ஏறி கர்ருனு சத்தம் வந்துச்சு. அப்புறம்தான் முழிச்சாரு."

"நீ என்ன பேசினாய், அம்மா?"

"ஒண்ணும் இல்ல அத்தை. லீவு கிடைச்சா கேமரன் மலைக்குப் போலாமான்னு கேட்டேன்."

"அது கூடாது. சண்டை போடு" என்றேன்.

"எதுக்குச் சண்டை? அவரு ஒண்ணும் பண்ணலியே."

மகனே, கல்யாணமாகி ஒரு மாதம் ஆகாத மருமகளுக்கு, என் மகனோடு எப்படியெல்லாம் சண்டையிடலாம் என்று நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். எதைச் சொன்னால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும், எதைச் சொன்னால் பேச்சை நிறுத்திவிடுவாய் என்று பிரித்துச் சொன்னேன். உன் சமையலையும் குறை சொல்லலாம், என்னையும் குறை சொல்லலாம் என்று அனுமதித்தேன். "உங்களைச் சொன்னா ரொம்பக் கோவம் வரும் அத்தை" என்றாள். "அப்படியானால் என்னையே சொல்" என்றேன். அவள் நன்றாகக் கற்றுக்கொண்டாள். நீ என்னிடம் வந்து, "மாலதிக்கு உங்களப் புடிக்கல போல மா" என்று கவலையோடு சொன்னபோது, நான் உனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். இதைப் படிக்கும்போது உனக்கு விளங்கும்.

பிறகு உனக்குப் பதவி உயர்வு வந்தது. ஒரு வரிசை இயந்திரங்களுக்கு நீ மேற்பார்வையாளன் ஆனாய். உன் அப்பா அக்கம்பக்கமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து நீ புறப்பட்டதும் உன் தொலைபேசி ஓயாமல் பேசத் தொடங்கிற்று. இரவில் எந்த இயந்திரம் நின்றது, எவ்வளவு சரக்குத் தேங்கியது என்று பகல் வேலைக்காரர்கள் உன்னிடம் கேட்பதும், நீ வண்டி ஓட்டிக்கொண்டே பதில் சொல்வதும் வழக்கமாயின. அந்த நேரம் வேலை நேரமாகக் கருதப்படுவதில்லை என்று மாலதி சொன்னாள். நான் அழைக்கும்போதெல்லாம், எண் பேச்சில் இருப்பதாக ஒரு பெண்குரல் மலாயில் சொல்லும். எனக்கென்று இருந்த பாலமும் கைவிட்டுப் போயிற்று என்று சில நாள் மனம் நொந்திருந்தேன்.

சென்ற வாரம் ஒரு காலை. அன்று உன் எண் ஒலித்தது, நீ எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. உன் அப்பா காவல் வேலையில் இருந்தார். நான் சமையலறை நாற்காலியில் உட்கார முடியாமல் எழுந்தும், நிற்க முடியாமல் உட்கார்ந்தும் இருந்தேன். யாரை அழைப்பது? பாலத்தை அழைக்க முடியாது. அப்போது மாலதி அழைத்தாள்.

"அத்தை, பயப்படாதீங்க. வந்துட்டாரு. வீட்டு வாசல்லதான் இருக்காரு. காடிய நிறுத்தினதும் அப்படியே தூங்கிட்டாரு, பெல்ட்கூடக் கழட்டல. நான் குப்பை போட வெளிய வந்தப்பதான் பாத்தேன். எழுப்பி உள்ள கூட்டிட்டுப் போகவா?"

ஓராண்டுக்கும் மேலாக உன்னை உறங்கவிடாமல் கத்திய வாயால், "எழுப்பாதே" என்றேன். "எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிவிடு, அம்மா. வெயில் முகத்தில் படாமல் ஒரு துண்டைப் போடு."

"சரிங்கத்தை." அவள் கதவைத் திறக்கும் ஓசையும், எஞ்சின் அடங்கும் ஓசையும் கேட்டன. பிறகு மிக மெதுவாக, "வாயத் திறந்துக்கிட்டு சின்னப் பிள்ள மாதிரி தூங்குறாரு அத்தை" என்றாள். நாங்கள் இருவரும் தொலைபேசியை வைக்காமல் நீ உறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். உன் மூச்சு என் காதுக்கு எட்டியதா, நானாக எண்ணிக்கொண்டேனா என்று சொல்லத் தெரியவில்லை.

அப்போது உன் தொலைபேசி ஒலித்தது. "வேல எடத்துலேருந்து, அத்தை" என்றாள் மாலதி. "எடுக்கவா? என்ன சொல்லட்டும்?" நான் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே நீ விழித்துவிட்டாய். என் அழைப்பு ஒலித்தும் மாலதியின் குரல் கேட்டும் எழாத நீ, வேலையிடத்து ஒலிக்கு எழுந்தாய். "ஹலோ. ஆமா. எப்ப நின்னுச்சு? சரி சரி, வர்றேன்" என்றாய். மாலதி ஏதோ சொன்னாள். "ஒரு மணி நேரத்துல வந்துருவேன்லா, நீ தூங்கு" என்றாய். வண்டி கிளம்பிற்று. மாலதி அழவில்லை. "திரும்பிப் போயிட்டாரு அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

அவளிடம் விடைபெற்று உடனே உன் எண்ணை அழுத்தினேன். ஏச வேண்டியது ஒன்றும் என் நினைவுக்கு வரவில்லை. எடுத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். எண் பேச்சில் இருப்பதாக அந்தப் பெண்குரல் சொன்னது. சற்றுப் பொறுத்து மறுபடி அழுத்தினேன். அப்போதும் அதே குரல். நீ பாலத்தின் நடுவே இருக்கும் நேரத்தில் மூன்றாம் முறை அழுத்தினேன். தொழிற்சாலைக்காரர்கள் இன்னும் உன்னோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நல்லது, பேசட்டும், அதுவரை நீ விழித்திருப்பாய் என்று தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டேன்.